எந்தப் புத்தகத்தை நம்பி எடுப்பது? சேலம் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன வாடகை நூலகம் நடத்தி வருகிறேன். சமையல், காப்பி சாகுபடி, பறவைகள், சித்த மருத்துவம், கட்சி வரலாறு, நாவல் எல்லாம் ஒரே அறையில்தான் இருக்கும். எடுக்க வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஏற்காட்டிலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர் உண்டு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. ஆனால் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அக்கா, நல்ல புத்தகம்னா என்னங்க?"

பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: இந்தப் புத்தகத்தால் உங்களுக்கு ஆக வேண்டிய வேலை என்ன? வீட்டு விசேஷத்துக்கு நாற்பது பேருக்குச் சமைக்க வேண்டுமா, தோட்டத்தில் மிளகுக்கொடி ஏன் வாடுகிறது என்று தெரிய வேண்டுமா, ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் மனசு வேறு எங்காவது போய் வர வேண்டுமா? வேலைக்கு ஏற்றபடி 'நல்ல' என்பதும் மாறும்.

ஆனால் துறை எதுவாக இருந்தாலும், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மனநிறைவோடு பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் சொல்கிறார்கள். ஒன்று, எழுதியவர் விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு, படிக்கிறவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்து எழுதியிருக்கிறார். முதலாவது மட்டும் இருக்கிற புத்தகம் அலமாரியை விட்டு இறங்குவதில்லை. இரண்டாவது மட்டும் இருக்கிற புத்தகம் கைக்குக் கை போகும், கூடவே தப்பான தகவலும் போகும். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

"புத்தகத் திருவிழாவுல கூட்டம் நெருக்குது. அஞ்சு நிமிசத்துல ஒரு புத்தகத்தை எப்படிங்க எடை போடறது?"

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதி அந்தப் புத்தகத்தில் எங்கே வருகிறது என்று தேடி, அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். தமிழ்நாட்டு மலைகளைப் பற்றிய புத்தகமா? ஏற்காடு வரும் பக்கத்தைத் திறங்கள். ஏற்காடு ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருந்தால் அவர் மலைக்கு வந்து பார்த்து எழுதவில்லை என்று தெரிந்துவிடும். கனிமங்களைப் பற்றிய புத்தகமா? நம் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டி எடுப்பது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். உருக்கு உலைகளின் உட்புறம் பதிக்கும் தீச்செங்கல்லுக்குப் போவது அது. அதைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதியிருந்தால், உங்களுக்குத் தெரியாத மற்ற ஊர்க் கனிமங்களைப் பற்றி அவர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

இப்படி ஒரு பக்கம் எல்லாருக்கும் உண்டு. அம்மாப்பேட்டை நெசவாளர் ஒருவர், கைத்தொழில்கள் பற்றிய ஒரு கனமான புத்தகத்தைப் புரட்டி, தறியில் நீளவாக்கில் போகும் பாவு நூலையும் குறுக்கே போகும் ஊடை நூலையும் மாற்றிப் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவர் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். அந்தப் புத்தகத்துக்கு அவரைவிடத் தகுதியான மதிப்புரையாளர் இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"பின்னட்டையில எல்லாமே அருமைன்னுதான் போட்டிருக்கு. அதை நம்பலாமா?"

அது விற்கிறவர் பேச்சு. அட்டையைத் தாண்டிப் பதிப்புப் பக்கத்துக்குப் போங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது, மொழிபெயர்ப்பு என்றால் மூலநூல் எது என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆண்டே போடாத புத்தகங்களும் வருகின்றன. நாவலாக இருந்தால் வாங்கி வைப்பேன். விவசாயமோ சட்டமோ மருத்துவமோ என்றால் வாங்குவதில்லை.

அப்புறம் ஆசிரியரின் முன்னுரை. எங்கே போனேன், யாரிடம் கேட்டேன், எதை எழுதாமல் விட்டேன் என்று சொல்கிற முன்னுரை நல்ல அறிகுறி. வாழ்த்துரைகளை நான் தாண்டிப் போய்விடுவேன்.

"புத்தகத்தோட கடைசில சொல்லா வரிசையா அடுக்கியிருக்காங்களே, அது எதுக்கு? யாரும் படிக்கறதில்லையே."

அது சொல்லடைவு. படிப்பதற்கு இல்லை, தேடுவதற்கு. முந்நூறு பக்கப் புத்தகத்தில் 'மேட்டூர்' எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சொல்லடைவு அந்த வேலையைத்தான் செய்கிறது. தமிழில் இன்றைக்கு வரும் கட்டுரை நூல்களில் பெரும்பாலானவற்றில் இது இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம். பக்கம் கூடும், செலவு கூடும் என்பார்கள். ஒரு தகவலைத் தேடி அரை நாள் தொலைக்கிற வாசகருக்கும் அது செலவுதானே?

நம்மிடம் இந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், 1880இல், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அவர் அடுக்கிய பட்டியல் முதலியாருக்குப் போதவில்லை. சீவக சிந்தாமணி மாதிரியான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார், பிரதியும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பின் 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. பாட வேறுபாடு, அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் என்று வாசகருக்குத் தேவையானதையெல்லாம் தேடிச் சேர்த்த பதிப்புகள் அவருடையவை. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு வாசகர், கிடைத்த பதிலோடு திருப்திப்படாமல் அடுத்த கேள்வி கேட்டதில் தொடங்கியது அந்த வேலை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கும்.

"சமையல் புத்தகத்துல போட்டபடியேதான் செஞ்சேன். ஜவ்வரிசி பாயசம் கூழா ஆயிடுச்சு. தப்பு என்மேலயா, புத்தகத்துமேலயா?"

பெரும்பாலும் புத்தகத்தின்மேல். மரவள்ளி மாவில் செய்யும் ஜவ்வரிசியே மாவு ஜவ்வரிசி, நைலான் ஜவ்வரிசி என்று வேறு வேறாக வருகிறது. ஊற வைக்கும் நேரமும் வேகும் விதமும் ஒன்றுபோல இருக்காது. 'ஜவ்வரிசி ஒரு கப், ஊற வைக்கவும்' என்று மட்டும் எழுதுகிறவருக்கு ஒரே ஒரு வகைதான் தெரிந்திருக்கிறது, அல்லது உங்கள் அடுப்படியை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கப் என்பதிலும் அதே சிக்கல்தான். படியும் ஆழாக்கும் ஊருக்கு ஊர் மாறியதுபோல இன்றைக்கு டம்ளரும் கப்பும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. கிராம், மில்லி என்று போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

என்னிடம் சமையல் புத்தகம் எடுக்கிறவர்களில் பழுத்த கைகள், படத்தைப் பார்ப்பதே இல்லை. மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறித் திரும்பி வரும் பக்கங்கள் எப்போதும் ஒரே மாதிரியானவை: ஒவ்வொரு கட்டத்திலும் எப்படித் தெரிய வேண்டும், எப்படி மணக்க வேண்டும் என்று சொல்லியிருப்பவை, பாகு முறிந்துவிட்டால், உப்பு கூடிவிட்டால் என்ன செய்யலாம் என்றும் சொல்லியிருப்பவை. இன்னொன்றையும் பாருங்கள். ஒரு குறிப்பு எதிரெதிர்ப் பக்கங்களிலேயே முடிகிறதா, புத்தகம் விரித்து வைத்தால் மூடாமல் நிற்கிறதா? ஈரக் கையோடு பக்கம் திருப்புகிறவருக்கு அது பெரிய உதவி. வழவழப்பான தாளில் ஐந்நூறு ரூபாய்க்கு வரும் பல புத்தகங்கள் இந்த விஷயத்தில் தோற்றுப்போகின்றன.

"மரவள்ளி சாகுபடிக்கு எங்கப்பா காலத்துப் புத்தகம் ஒண்ணு இருக்கு. அதுவே போதுமில்லைங்களா?"

பாதிக்குப் போதும். நிலம் தயார் செய்வது, கரணை (நடுகிற தண்டுத் துண்டு) தேர்ந்தெடுப்பது, வடிகால், இதெல்லாம் மெதுவாக மாறுகிற சங்கதிகள். நன்றாக எழுதப்பட்ட பழைய புத்தகம் அதில் புதிய புத்தகத்தைவிடத் தெளிவாகவே இருக்கலாம். பூச்சி, நோய், மருந்து, அரசுத் திட்டம் ஆகியவை வேகமாக மாறுகிறவை. மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 2020இல், கேரளத்தில். பிறகு சேலம், நாமக்கல் வயல்களில் அது பண்ணிய சேதம் உங்களுக்கே தெரியும். அதை அடக்க ஆப்பிரிக்காவிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைத் தருவித்து வயலில் விட்டார்கள். உங்கள் அப்பா காலத்துப் புத்தகத்தில் இந்தப் பூச்சியும் இருக்காது, குளவியும் இருக்காது. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பானைத் தெளிக்கச் சொல்லும் பக்கம் வேண்டுமானால் இருக்கும்.

காப்பித் தோட்டக்காரர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எந்த மழைக்கு எழுதிய புத்தகம்? சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இங்கே சில்வர் ஓக் மர நிழலில் மிளகுக்கொடியோடு சேர்த்து வளர்க்கிறோம், இரண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிறது. தென்மேற்கு மழை கொட்டித் தீர்க்கும் குடகுக்கு எழுதிய மாதவாரிப் பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டால் உரம் வைக்கிற மாதமே தப்பிவிடும். காப்பித் தண்டைக் குடையும் பூச்சியான வெள்ளைத் தண்டுத் துளைப்பானைப் பற்றிய பகுதியில் நிழலின் அளவையும் சேர்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். அரபிகா வகைக் காப்பி வைத்தவருக்கு அந்த ஒரு பகுதிக்காகவே புத்தகம் வாங்கலாம்.

"பத்தாம் பதிப்புன்னு போட்டிருந்தா புதுசுன்னுதானே அர்த்தம்?"

கட்டாயமில்லை. பல சமயம் அது பத்தாவது அச்சுதான், உள்ளே ஓர் எழுத்தும் மாறியிருக்காது. 'இந்தப் பதிப்பில் என்ன திருத்தினேன்' என்று ஆசிரியர் தனியாக எழுதியிருந்தால் அது உண்மையான புதிய பதிப்பு. பழந்தமிழ் நூல்கள் விஷயத்தில் கதை வேறு. அங்கே பழைய பதிப்பில் இருந்த குறிப்புகளையும் அகராதியையும் கழற்றிவிட்டு மலிவாக அச்சிடுகிற வழக்கம் உண்டு. சொல்லடைவுக் கேள்வியில் சொன்னதை வைத்துக் கடைசிப் பக்கங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ஏற்காட்டுக்குப் போறோம். பறவை, செடி பார்க்க ஒரு புத்தகம் வேணும். படம் பெருசா இருந்தா போதுமில்ல?"

படம் பெரிதாக இருப்பதைவிட, சரியான படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதே முக்கியம். குயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் கருப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. ஆணின் படத்தை மட்டும் பக்கம் முழுக்கப் போட்ட புத்தகத்தோடு போனால், எதிர்க் கிளையில் உட்கார்ந்திருக்கும் பெண் குயில் என்னவென்றே தெரியாமல் திரும்பி வருவீர்கள். ஆண், பெண், குஞ்சு, பறக்கும் தோற்றம், எந்த மாதத்தில் தெரியும், காகத்தைவிடப் பெரிதா சிறிதா: இவ்வளவும் சின்னப் படங்களோடு இருந்தால் அதுதான் கையில் கொண்டுபோக வேண்டிய புத்தகம். பைக்குள் அடங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயர்களைப் பொறுத்தவரை தமிழ்ப் பெயரும் வேண்டும், அறிவியல் பெயரும் வேண்டும். செம்போத்தும் செண்பகமும் ஒரே பறவை என்று புத்தகம் சொல்லவில்லை என்றால் இரண்டையும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருப்போம். செடிகளில் இது இன்னும் அவசியம். சேர்வராயன் மலைப் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்ற மரம் இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவர் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள். நம் மலையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லும் புத்தகம் அதை விட்டுவிட்டு, ஊட்டியில் எடுத்த பூப்படங்களால் பக்கத்தை நிரப்பியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதை வைத்துக்கொண்டு, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய், பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகத்தின் தரம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

"சேலம் வரலாறுன்னு நாலு புத்தகம் இருக்கு. நாலுலயும் கணக்கு நாலு விதமா இருக்கு. எதை எடுத்துக்கறது?"

முதலில், எந்தச் சேலத்தின் கணக்கு என்று கேளுங்கள். லெ பானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும் ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெசட்டியரும் (மாவட்ட விவர நூல்) பேசும் மாவட்டம் மிகப் பெரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதற்குள் அடக்கம். 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. 'சேலம் மாவட்டத்தில் இத்தனை ஏரிகள்' என்று பழைய புத்தகத்திலிருந்து எடுத்து, இன்றைய மாவட்டத்துக்குப் பொருத்தி எழுதிவிடுகிறார்கள். எண் பழைய புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது, பெயர்த்து வைத்த இடம்தான் தப்பு.

அதனால் வரலாற்றுப் புத்தகத்தில் நான் தேடுவது, தகவலுக்குப் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. கல்வெட்டா, நகராட்சிப் பதிவா, வெள்ளைக்காரர் எழுதி வைத்ததா, தாரமங்கலத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதா? பெரியவர் சொன்னது என்றால் அது குறைவு என்று நான் சொல்லவில்லை. பெரியவர் சொன்னார் என்று எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு புத்தகங்களில் இப்படி வழி காட்டுகிற புத்தகத்தை எடுங்கள், அதில் பிழை இருந்தாலும் எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று தெரியும்.

"தலைவர்கள் வாழ்க்கை வரலாறு எடுத்தா ஒருத்தர் தூக்கி வைக்கறார், இன்னொருத்தர் திட்டறார். நடுநிலையா ஒண்ணு கொடுங்க."

நடுநிலை என்று அட்டையில் போட்டிருப்பதைத் தேடிப் பிரயோசனமில்லை. ஒரே நிகழ்ச்சியை இரண்டு தரப்பிலும் படிப்பதுதான் வழி. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், நம் சேலத்தில் நடந்த மாநாட்டில். பெரியார் பக்கத்தார் எழுதியதையும், அண்ணா பக்கத்தார் எழுதியதையும், மாற்றத்தை விரும்பாத நீதிக்கட்சிக்காரர்கள் பார்வையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். யார் எதைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

ராஜாஜியைப் பற்றிய புத்தகம் என்றால் நான் பார்க்கும் இடம் 1917 முதல் 1919 வரை, அவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த காலம். பெரிய பதவிகளுக்கு முந்தைய அந்த உள்ளூர் வருடங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறவர், மனிதரை விட்டுவிட்டு அவருடைய பதவிகளை எழுதுகிறார். குடிநீர், தெரு, சாதி என்று அன்றைய ஊர்ச் சண்டைக்குள் இறங்கி எழுதுகிறவரின் புத்தகத்தில், அவர் ராஜாஜியைப் புகழ்ந்தாலும் குறை சொன்னாலும், எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

"பையனுக்கு அறிவியல் புத்தகம் வேணும்மா. எளிமையா இருக்கணும், தப்பும் இருக்கக் கூடாது."

இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது, ஆனால் கிடைக்கும். கோள்கள் ஒன்பது என்று இருந்தால் 2006க்கு முன் எழுதியது, அல்லது பார்க்காமல் மறுபடி அச்சிட்டது. புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகை மாற்றியது அந்த ஆண்டில்தான். இன்னும் நல்ல புத்தகம், எட்டு என்று சொல்வதோடு நிற்காமல் ஏன் மாற்றினார்கள் என்றும் சொல்லும். பிள்ளைகளுக்குப் பிடிப்பது அந்த 'ஏன்'தான். கலைச்சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு, பள்ளிப் பாடத்தில் அதற்கு என்ன சொல் என்றும் ஒரு பட்டியல் கொடுத்திருந்தால் பையன் இரண்டு இடத்திலும் தடுமாற மாட்டான். வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லும் சோதனை ஒன்றை நீங்கள் முதலில் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் எழுதியவரும் செய்து பார்த்திருக்க மாட்டார்.

"மருத்துவப் புத்தகம் பார்த்து மருந்து சாப்பிடலாமா?"

வேண்டாம். உடம்பைப் புரிந்துகொள்ள, மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க, மூலிகையை அடையாளம் காணப் புத்தகம் உதவும். 'இந்த அறிகுறி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்' என்று தன் எல்லையைத் தானே சொல்கிற புத்தகத்தை மட்டும் வீட்டில் வையுங்கள். எல்லா நோயும் தீரும் என்கிற புத்தகத்தை நான் அலமாரியிலேயே வைப்பதில்லை.

"மொழிபெயர்ப்பு நாவல் நாலு பக்கத்துக்கு மேல ஓட மாட்டேங்குது. எனக்குப் படிக்கத் தெரியலையா?"

உங்களுக்குப் படிக்கத் தெரியும். சத்தமாக ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள். வாய் தடுக்கினால் வாக்கியம் தமிழாகவில்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள், எந்த மொழியிலிருந்து நேராக வந்தது என்றும் பாருங்கள். த.நா.குமாரசாமி வங்காள மொழி கற்று நேரடியாகவே மொழிபெயர்த்தவர். அதே சமயம் க.நா.சு. ஐரோப்பிய நாவல்களை ஆங்கிலம் வழியாகத்தான் கொண்டுவந்தார். நேர்வழி என்பது ஒரு நல்ல அடையாளம்தான், ஆனால் ருசி உள்ளவர் கையில் சுற்றுவழியும் நன்றாகவே வந்திருக்கிறது. ஒருவருடைய மொழிபெயர்ப்பு உங்களுக்குப் பிடித்தால், அவர் கை வைத்த மற்ற புத்தகங்களையும் தேடுங்கள். எங்கள் வாசகர்களில் சிலர் மூல ஆசிரியரை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

"கதைப் புத்தகத்துக்கும் இந்தச் சோதனையெல்லாம் செல்லுமா? அது கற்பனைதானே?"

செல்லும், வேறு விதமாக. கதையில் வருகிற கொலுசுப் பட்டறையில் ராத்திரி என்ன சத்தம் கேட்கும், மலைப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் நிற்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லும் துக்கத்தையும் நம்புவோம். ஆனால் தகவல் சரியாக இருப்பதால் மட்டும் நாவல் நல்லதாகிவிடாது. ஊரைப் பற்றிய விவரம் பக்கம் பக்கமாக இருந்தும், ஓர் ஆள்கூட உயிரோடு நடமாடாத நாவல்களை நிறையப் பேர் பாதியில் திருப்பிக் கொடுக்கிறார்கள். பாதியில் நிறுத்துவது குற்றமா என்றும் கேட்பார்கள். இல்லை. ஐம்பது பக்கம் படித்தும் யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று தோன்றினால் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே புத்தகம் பிடித்துப்போவதும் நடக்கும்.

"போன்ல பார்த்தா இதுக்கு ரெண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்காங்க. அப்போ விட்டுடலாமா?"

நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் குறையைப் படியுங்கள். 'கணக்கு அதிகம்', 'ரொம்ப விவரமாக இருக்கிறது' என்று ஒருவர் குறைப்பட்டிருந்தால், உங்களுக்கு வேண்டியது அதுவாகவே இருக்கலாம். 'தாள் கழன்றுவிட்டது' என்றால் பசை பைண்டிங், வாங்கும்போது முதுகுப் பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 'பக்கம் 40இல் சொன்னதும் 90இல் சொன்னதும் முரண்' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் முழுக்கப் படித்திருக்கிறார். ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்று எழுதிய நூறு பேரைவிட அவர் சொல்வதைக் கவனியுங்கள்.

"ஒரே ஆளு ஜோசியம், பங்குச்சந்தை, சித்த மருத்துவம், சோழர் வரலாறு எல்லாத்துலயும் எழுதறார். நம்பலாமா?"

பல துறைகளில் எழுதுவது தப்பில்லை. 1954இல் தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர், இசைப் பாடல்கள் எழுதியவர். ஆனால் அத்தனை துறைகளையும் தானே எழுதிவிடாமல், அந்தந்தத் துறை தெரிந்தவர்களைக் கொண்டு எழுத வைத்தார். தனக்குத் தெரியாத இடத்தில் தெரிந்தவரிடம் போகிறாரா என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்லும் ஆசிரியரின் நான்கு புத்தகங்களில் உங்களுக்குத் தெரிந்த துறையை எடுத்து, இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். மற்ற மூன்றையும் அதை வைத்து முடிவு செய்யலாம்.

"எங்க மலை ஜனங்களைப் பத்தி வெளியாளுங்க எழுதின புத்தகத்துல பாதி தப்பா இருக்கு. அப்படியும் அதை நாங்க படிக்கணுமா?"

இதைக் கேட்டவர் ஏற்காட்டுப் பக்கத்து மலையாளிக் குடும்பத்துப் பெண் (கேரளத்துக்காரர் இல்லை, இங்கே மலையாளி என்பது நம் மலைப் பழங்குடி), கல்லூரியில் படிக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் மலையாளிகளும் வருகிறார்கள். பின்னால் வந்த பலர் மலைக்கு வராமலே அதையும் கெசட்டியரையும் பார்த்துத் திரும்ப எழுதினார்கள். ஒரு தப்பு நான்கு புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அது உண்மை மாதிரி நிற்கிறது.

படியுங்கள் என்றுதான் சொன்னேன், ஆனால் பென்சிலோடு. அவர் கண்ணால் பார்த்தது எது, யாரோ சொல்லிக் கேட்டது எது, அவராக ஊகித்தது எது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். என்ன பயிர் வைத்தார்கள், வீடு எப்படிக் கட்டினார்கள், எந்தத் திருவிழாவுக்கு எந்த ஊரார் வந்தார்கள் என்பது போன்ற பார்த்த விவரங்கள் இன்றைக்கு உங்கள் பாட்டிக்கே மறந்துபோயிருக்கலாம். அவை உங்களுக்குச் சொந்தமான தகவல், எடுத்துக்கொள்ளுங்கள். குணம், புத்தி, நாகரிகம் என்று அவர் தீர்ப்புச் சொல்லும் இடங்கள் எழுதியவரைப் பற்றித்தான் சொல்கின்றன. அப்புறம் அந்தப் பக்கங்களை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் மறுப்பைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நோட்டு புத்தகமாக வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

"ரொம்பப் பிடிச்ச புத்தகத்துல ஒரு பெரிய தப்பு கண்டுபிடிச்சேன். இனிமே அதை வெச்சுக்கறதா, விட்டுடறதா?"

அந்தத் தப்பை எடுத்துவிட்டால் புத்தகம் சொல்ல வந்தது நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு மாநாட்டின் ஆண்டு மாறியிருந்தாலும் அதன் விளைவுகள் பற்றிய அலசல் நிற்கும். ஆனால் இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு, நம் மாவட்டம் தேய்ந்துவிட்டது என்று வாதிடுகிற புத்தகம், மேலே சொன்னதுபோல 1965க்கு முந்தைய எல்லையின் எண்ணை எடுத்திருந்தால் வாதமே விழுந்துவிடும். முதல் வகையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையில் நடை பிடித்திருந்தால் நடைக்காகப் படியுங்கள், யாருக்கும் மேற்கோள் காட்டாதீர்கள்.

இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தப்பு இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். எங்கள் நூலகத்தில் அப்படி வைத்த சீட்டுகளை நான் எடுப்பதில்லை, அடுத்து எடுக்கிறவர் இரண்டையும் படிக்கட்டும். பதிப்பகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். திட்டி எழுத வேண்டாம். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி, சரியான தகவல் என்ன, அதை எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதினால் அடுத்த அச்சில் திருத்துவது அவர்களுக்குச் சுலபம்.